செத்தவனுக்கு நீச்சல்குளம் கிடையாது

"செத்தவனுக்கு நீச்சல்குளம் ஒதுக்க விதி இல்லைப்பா" என்றாள் நகராட்சி அலுவலகத்துக் குமாஸ்தா பெஞ்சேவா.

யாவோர் பின்னால் திரும்பிப் பார்த்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"யாரைச் சொல்றீங்க மேடம்?"

"உன்னைத்தான். மேயர் காலையில கார்லேருந்து இறங்கும்போதே கம்பத்தைப் பார்த்துட்டார். 'சின்னப் பையன், பாவம்'னு நின்ன இடத்துலயே ஒரு சிகரெட் பத்தவச்சார். உன் மனுவை மூடிட்டு உங்க அம்மாவுக்கு இரங்கல் கடிதம் அனுப்பச் சொன்னார். அனுப்பியாச்சு."

"நான் எதிர்லயே நிக்கிறேனே!"

"எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணுமே? அவர் தலைநகர் சோபியாவுக்குப் போயிட்டார். வெள்ளிக்கிழமைதான் வருவார்."

"திருவிழா சனிக்கிழமை மேடம்!"

"அதுக்குள்ள உயிரோட இருக்கறதுக்கு ஏதாவது சான்று கொண்டு வா" என்றாள் பெஞ்சேவா. கொஞ்சம் யோசித்து, "உடம்பைப் பார்த்துக்கோ" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

யாவோர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் அவன் முகம் ஒட்டியிருந்தது. சித்தி மகன் கல்யாணத்தில் எடுத்த படம். கோட்டும் டையுமாகச் சற்று சோகமாக இருந்தான், அன்றைக்கு ஷூ கடித்ததால். கூப்பிட்ட இசைக்குழுக்கள் எதுவும் படம் அனுப்பாததால் சுவரொட்டிக்குத் தன் படத்தையே கொடுத்திருந்தான். அதில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், "யாவோர் பெனெவ். மறக்க முடியாத மாலை. சனிக்கிழமை நான்கு மணிக்கு நகர நீச்சல்குளத்தில் உங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம்."

இதுவரை எல்லாம் அவன் எழுதிக் கொடுத்ததுதான். அவன் கேட்காத ஒன்றும் இருந்தது. சுற்றிலும் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கரை.

எங்கள் ஊர் போரிலெவோவில் கம்பங்களிலும் மரங்களிலும் கதவுகளிலும் கறுப்புக் கரையோடு ஒட்டுகிற தாள் ஒன்றே ஒன்றுதான். அதில் யார் முகம் இருக்கிறதோ அவர் போய்விட்டார் என்று பொருள். கடைசி வரியில் "ராக் இசைத் திருவிழா" என்று போட்டிருந்தது உண்மை. ஆனால் கரைக்குள் இருக்கும் கடைசி வரியை எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை. அங்கே எப்போதும் "துயரத்தில் வாடும் குடும்பத்தார்" என்றுதான் இருக்கும்.

யாவோருக்கு இருபத்து நாலு வயது. பகலில் டயர் கடையில் வேலை. திருவிழா நடத்துகிறவர்களுக்கு வேண்டிய பழக்கமோ மேடையோ செல்வாக்கோ அவனிடம் கிடையாது. ஓர் ஏக்கம் மட்டும் இருந்தது, அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தான்.

அவன் அக்கா ரலிட்சா ஒரு காலத்தில் "கந்தகம்" என்ற குழுவில் பாடினாள். பள்ளி மைதானத்தில் அவர்கள் வாசிக்கும்போது யார் காலும் தடுக்காமலிருக்க, சிறுவனான யாவோர் தரையில் ஓடும் மின்கம்பியின்மேல் உட்கார்ந்திருப்பான். பாட்டின் நடுவே அக்கா அவனைப் பார்த்து மூக்கைச் சுளித்துக் காட்டுவாள். அந்த மூக்குச் சுளிப்புக்காக அவன் மின்கம்பிமேல் என்ன, மின்சாரத்தின்மேலேயே உட்கார்ந்திருப்பான். பிறகு ஊரே கிளம்பியது. கிதார்காரன் டெயான் ஜெர்மனிக்கு, தாளக்காரன் அயர்லாந்துக்கு, அக்கா ஸ்பெயினில் மிளகாயைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகைக்கு. ஒன்பது வருடமாயிற்று. அக்கா வந்தது அப்பாவின் அடக்கத்துக்கு ஒரே ஒரு தடவை. அன்று இரவே பஸ் ஏறிவிட்டாள்.

"எப்பக்கா வருவே?" என்று போனில் கேட்டால், "பார்க்கலாம்டா" என்பாள்.

திருவிழாச் செய்தியைச் சொன்னபோதும் அதேதான். "நீ பாட ஒரு மேடை போடறேன்கா. காஞ்சுபோன நீச்சல்குளத்துக்குள்ள நின்னு பாடினா எதிரொலி எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு!" என்றான். அதற்கும் "பார்க்கலாம்டா" என்றுதான் சொன்னாள். ஆனாலும் மனு போட்டான். மேடை என்று ஒன்று வந்துவிட்டால் அவளால் இருக்க முடியாது என்று நம்பினான்.

இப்போது மேடையும் இல்லை, ஆளும் இல்லை.

அச்சகத்துக்கு ஓடினான். ஸ்டோய்கா அத்தையின் அச்சகம் பூட்டிக் கிடந்தது. ஊரின் இரங்கல் தாள்கள் அத்தனையையும் அடிப்பவளும் அவள்தான், பசை வாளியோடு போய் ஒட்டுபவளும் அவள்தான். போன் அடித்தான். எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தான். ஐந்தாவது தடவை போனையே அணைத்துவிட்டாள்.

'மெஷின் கோளாறு. மனுஷி வெட்கப்பட்டு ஒளிஞ்சுக்கிட்டா' என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு மை பேனாவை வாங்கிக்கொண்டு கிளம்பினான். முதல் கம்பத்தில் தன் நெற்றியின் குறுக்கே "நான் சாகவில்லை" என்று எழுத ஆரம்பித்தான். பாதி எழுதுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை சட்டைக் காலரைப் பிடித்தது.

"செத்தவன் மூஞ்சியில கிறுக்கறியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் கிரில் மாமா. யாவோர் திரும்பியதும் அவர் காலரை விட்டுவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"மாமா, நான்தான். உயிரோடதான் இருக்கேன்."

"அப்ப செத்தது யாரு?"

"யாரும் சாகலை."

"யாரும் சாகாமலா ஸ்டோய்கா கரை போட்டா? எத்தனை வருஷமா போடறா, ஒரு தடவைகூட அவ போட்டது பொய்யாப் போனதில்லையே!"

"இந்தத் தடவை போயிருச்சு மாமா."

கிரில் மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியது. குரலைத் தாழ்த்தினார். "மறைக்காம சொல்லு. டாக்டர் எத்தனை நாள் கொடுத்திருக்கார்?"

"மாமா!"

"எனக்குப் புரியுது. முன்கூட்டியே எல்லா ஏற்பாட்டையும் நீயே செஞ்சு வைக்கிறே. அம்மாவுக்கு சிரமம் வேண்டாம்னு. உங்கப்பனும் இப்படித்தான், பொறுப்பானவன்."

அரை மணியில் ஊர் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. யாவோர் சாகவில்லை, சனிக்கிழமை சாகப் போகிறான். பேக்கரிப் பெண் பாலாடைக்கட்டி அடைத்த பனீட்சாவை ஒரு முழுத் தட்டு எடுத்து நீட்டி, "எவ்வளவு ஆசையோ அவ்வளவு சாப்பிடு, இனிமே உடம்பு பெருத்தா என்ன?" என்றாள். மதுக்கடை வாசலில் நின்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டே, செத்தவர்களுக்கென்று ஊற்றுவதுபோல், ரக்கியாவின் முதல் சொட்டைத் தரையில் ஊற்றினார்கள். "நான் இன்னும் இருக்கேன்ப்பா!" என்று யாவோர் கத்தினான். "தெரியும். உனக்கும் ஒண்ணு ஊத்தவா?" என்றான் ஒருவன்.

அப்போது போன் அடித்தது. பக்கத்து ஊரின் "ஈரக் குடைகள்" குழுத் தலைவன் மிட்கோ. திருவிழாவுக்கு உறுதியாக வருவதாகச் சொன்ன ஒரே குழு அவர்களுடையது.

"யாவோர் வீடுங்களா? கேள்விப்பட்டோம். எங்க தாளக்காரன் அழுதுக்கிட்டே இருக்கான்."

"மிட்கோ, நான்தான்டா யாவோர்."

"நீங்க அவர் தம்பிங்களா? குரல் அச்சா அப்படியே இருக்கு."

"எனக்குத் தம்பியே கிடையாது!"

"அதான், இப்படி ஒத்தையா போயிட்டாரே…" மிட்கோவின் குரல் உடைந்தது.

யாவோர் போனை வைத்துவிட்டு, சுவரொட்டிக்குப் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்து அனுப்பினான். பதில் உடனே வந்தது. "விளம்பரத்துக்காகச் செத்துப் போகிறவனோடு எங்களுக்கு வேலை இல்லை. எங்கள் தாளக்காரன் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. வெட்கமாக இல்லையா?"

இருந்த ஒரு குழுவும் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் கூடம் நிறைய ஆள். மேசையில் துக்க வீட்டுக்கென்று வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் தூவி, ஆறு கிண்ணம். பூங்கொத்துகள் எல்லாம் இரட்டைப்படை. உயிரோடிருப்பவனுக்கு யார் நாலு ரோஜா கொடுப்பார்கள்?

அம்மா அடுப்படியில் வியர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"காலையிலேருந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டேன், என் புள்ளை கல்லுமாதிரி இருக்கான்னு. 'பாவம், இன்னும் நம்ப மாட்டேங்கிறா'ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு அழறாங்க. அப்புறம் உட்கார்ந்து சாப்பிடறாங்க! நான் என்னடா செய்ய? காபி போட்டுக்கிட்டிருக்கேன்."

"இப்ப நேர்லயே வந்துட்டேனே, சொல்லு."

"சொல்லாதே. இப்பத்தான் ரெண்டாவது கெட்டில் வச்சிருக்கேன். வந்தவங்களை வெறும் வாயோட அனுப்ப முடியுமா?"

யாவோர் தன் துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தானே காபி கொடுத்தான். இரண்டு பேர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் சர்க்கரை கேட்டார்.

அம்மாவின் போன் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஊராரின் போன் குழுவில் யாரோ அந்தக் கம்பத்தின் படத்தைப் போட்டுவிட்டார்கள். அயர்லாந்திலிருந்து தாளக்காரன் எழுதியிருந்தான், "சனிக்கிழமைக்குள் வந்துவிடுவேன்." ஜெர்மனியிலிருந்து டெயான், "வண்டியை எடுத்துவிட்டேன். கிதாரும் கொண்டு வருகிறேன், அவனுக்குப் பிடிக்கும்." போன வாரம் வரைக்கும் இதே இரண்டு பேர்தான், "பார்க்கலாம்" என்றவர்கள்.

யாவோர் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். உயிரோடு கூப்பிட்டபோது வராதவர்கள் செத்ததும் வருகிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்சம் இரண்டும் வந்தது.

"அக்கா பேசினாளா?" என்று கேட்டான்.

அம்மா கெட்டிலைப் பார்த்துக்கொண்டே, "இல்லடா" என்றாள்.

அவனே அடித்தான். அக்காவின் போன் அணைந்திருந்தது. மறுபடி அடித்தான். அணைந்தேயிருந்தது.

அதுவரை நடந்ததெல்லாம் அவனுக்கு வெறும் தொல்லை. இப்போதுதான் வலித்தது. அவள் படத்தைப் பார்த்திருப்பாள். அவன் செத்துவிட்டதாக நினைத்து எங்கோ மிளகாய்க் கூடைகளுக்கு நடுவே தனியாக நின்று அழுதுகொண்டிருக்கிறாளோ? இல்லை, பார்த்துவிட்டும் "பார்க்கலாம்" என்று போனை அணைத்துவிட்டாளோ? இரண்டாவது எண்ணம் வந்ததும் அவன் எழுந்துவிட்டான். அவளை அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது. திருவிழா வேண்டாம், குளம் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். அவள் அழாமல் இருந்தால் போதும்.

"அம்மா, அவ வேலை செய்யற கொட்டகை நம்பர் இருக்கா?"

"அவ முதலாளி நம்பரா? அவசரத்துக்குன்னு கொடுத்திருக்கா. எதுக்குடா?"

"நான் சாகலைன்னு அந்த ஆளுகிட்டயே சொல்லி அவகிட்ட சொல்லச் சொல்றேன்."

"உனக்கு ஸ்பானிஷ் எங்கடா தெரியும்?"

"உயிரு, தம்பி, இல்லை, சாவு. நாலு வார்த்தை போதும்."

வார்த்தைகளைப் போனில் தேடி வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே தெருவில் இறங்கினான். போகிற வழியெல்லாம் தன் முகத்தைக் கிழித்துக்கொண்டு போனான். எங்கள் ஊரில் இரங்கல் தாளை யாரும் கிழிப்பதில்லை, மழைதான் கிழிக்கும். ஜன்னல்களிலிருந்து "அடப்பாவி" என்ற குரல்கள் கேட்டன. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசித் தாள் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் இருந்தது. ஒரு கையால் அதன் மூலையை உரித்துக்கொண்டே மறு கையால் கொட்டகை நம்பரை அழுத்தினான். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். கரகரப்பான ஆண்குரல் ஏதோ கேட்டது.

"ரலிட்சா… தம்பி…" என்று யாவோர் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான். "தம்பி… சாவு…" அடுத்து 'இல்லை' என்ற வார்த்தை வர வேண்டும். அது மறந்துபோயிற்று.

அதற்குள் ஒரு பசை வாளி தரையில் உருண்டது. ஸ்டோய்கா அத்தை தெருவைத் தாண்டி ஓடி வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். மூச்சு வாங்கியது. கிழிந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தி மறுபடி ஒட்டினாள்.

"எங்கே போயிருந்தீங்க அத்தை? ஊரே என்னைப் புதைச்சிருச்சு! இந்தக் கரையை யாரு போடச் சொன்னா?"

ஸ்டோய்கா அத்தை பசைக்கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதே, உங்க அக்காதான்டா போடச் சொன்னா; திருவிழாவுக்கு லீவு தரமாட்டேன்னு சொன்ன முதலாளி, இந்தத் தாளோட படத்தைப் பார்த்ததும் தம்பி சாவுக்குன்னு ஒரு வாரம் தந்திருக்கான், அவ இப்ப விமானத்துல வந்துக்கிட்டிருக்கா, புண்ணியமாப் போகும், சனிக்கிழமை பாட்டு முடியற வரைக்குமாவது கொஞ்சம் செத்துக் கிட!"