இரண்டரை மணித் திருடன்

பூட்டு திரும்பியிருந்தது.

திறந்திருக்கவில்லை, உடைந்திருக்கவில்லை. திரும்பித்தான் இருந்தது. சாவித்துளை சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டோர் கீப்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். காலையில் எட்டரை மணிக்கு அவர் வீட்டைப் பூட்டியபோது அது தெருப் பக்கம்தான் பார்த்தது. சத்தியம் செய்வார். மருந்துக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பதினான்கு கதவுகளைப் பூட்டித் திறக்கிற மனிதர். வேறு எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், பூட்டில் முடியாது.

"யாரோ கை வச்சிருக்காங்க" என்றார், பின்னால் வந்த மனைவியிடம்.

"காத்துல திரும்பியிருக்கும்."

"அரைக் கிலோ பூட்டு காத்துல திரும்புமா?"

"அப்ப ஒரே பக்கம் பார்த்துப் பார்த்து அதுக்கே அலுத்திருக்கும். கதவைத் திறங்க, கால் வலிக்குது."

அவள் கால் வலிக்குக் காரணம் இருந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் தையல் கம்பெனிக்கு ஓடி, நாளெல்லாம் நின்றபடி காலர் வெட்டுகிறவள். பீரோவுக்குள் ஒரு பழுப்பு உறையில் மூன்று வருஷமாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். எம்ப்ராய்டரி மெஷினுக்கு. சொந்த மெஷின் இருந்தால் சீருடைக்கு பேட்ஜ் போடுகிற வேலையைத் தருவதாக ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மாசக் கடைசிக்குள் மெஷின் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் ஏழு மணி ஓட்டம் நின்றுவிடும்.

ஸ்டோர் கீப்பருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. உறையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். மறுநாளே கேமராக்காரரைக் கூட்டி வந்தார்.

"கேமரா ரெண்டாயிரம்தான் சார்."

"அவ்வளவுதானா?"

"கேமரா அவ்வளவுதான். அது பார்க்கும். பார்த்ததைப் பதிவு பண்ணப் பெட்டி வேணும். பெட்டிக்குள்ள டிஸ்க் வேணும்."

"வெறும் கேமரா மட்டும் மாட்டினா?"

"பார்த்துட்டு மறந்துடும் சார்."

உறையிலிருந்து எடுத்தார். திருட்டுப் போகாமல் இருக்கத்தானே எடுக்கிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். இருப்பதிலேயே சின்ன டிஸ்க்காகக் கேட்டு வாங்கினார். அதில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பதிவாகும்.

"எந்த மூணு மணி நேரம் வேணும் சார்?"

"மதியம் ரெண்டுலேர்ந்து அஞ்சு. தெருவே கண் அசர்ற நேரம். திருடன் அப்பதான் வருவான்."

"அப்புறம் செட்டிங் சார்ஜ் தனி..."

"அதெல்லாம் கிடையாது! ரெண்டு, அஞ்சுன்னு மட்டும் போடுங்க. மத்தது பெட்டியில எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"கேமராவை ஆளுயரத்துல மாட்டினா முகம் நல்லாத் தெரியும்."

"கேமராவையே கழட்டிட்டுப் போகவா? ஏணி போட்டாலும் எட்டாத உயரத்துல மாட்டுங்க."

எட்டாத உயரத்தில் மாட்டினார். கீழே பார்த்தபடி அது கழுகு மாதிரி உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலம் வந்து கால்கூடக் கழுவாமல் ஸ்டோர் கீப்பர் டிவியைப் போட்டார். மணி 2:31 என்று காட்டியது. வாசலில் ஒரு தலை.

டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் மங்கல். மேலிருந்து பார்த்ததில் தலையும் தோளும்தான் தெரிந்தன. உச்சந்தலையில் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு வழுக்கை பளபளத்தது. கையில் பை. பூட்டைப் பிடித்து மூன்று தரம் இழுத்தான். நாலு அடி நடந்தான். திரும்பி வந்தான். மறுபடியும் இழுத்தான். போய்விட்டான்.

"பையோட வந்திருக்கான், ராஸ்கல்!"

"என்னங்க, யாரைத் திட்டறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல, விளம்பரம்" என்று டிவியை அணைத்தார். அவளிடம் காட்டினால் பயந்து போவாள்.

அடுத்த நாளும் 2:31. அதே தலை. இப்போது ஜன்னல் பக்கமும் போய் எட்டிப் பார்த்தான். ஜன்னலுக்கு மேலே இரண்டாவது கேமரா வந்தது. அதற்கு அடுத்த நாள் தலை வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனது. மூன்றாவது கேமரா வந்தது. மூன்று கேமராவுக்கு அந்த டிஸ்க் போதாது என்று பெரிய டிஸ்க் வந்தது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஒரு பேட்டரி வந்தது. பழுப்பு உறை, காய்ச்சலில் கிடந்தவன் கன்னம் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவது கேமராவில் விழுந்த காட்சி ஸ்டோர் கீப்பரைக் கலக்கிவிட்டது. கொல்லையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திருடன் குனிந்து அதை இறுக்கி மூடிவிட்டுப் போனான்.

"என்ன தைரியம் பாருங்க!" என்று கேமராக்காரருக்கு போன் போட்டார். "சொந்த வீடு மாதிரி புழங்குறான்!"

"முகம் தெரியுதா சார்?"

"எங்க தெரியுது! தலையைத் தூக்கவே மாட்டேங்கிறான். பழகின கை."

இனிப் பொறுப்பதில்லை என்று ஒரு நாள் லீவு போட்டார். காலையிலிருந்து வெளியே தலைகாட்டாமல், விளக்குமாற்றுக் கட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்றார். இரண்டரை ஆனது, மூன்றானது, ஐந்தும் ஆனது. ஒரு ஈ காக்கை வரவில்லை. டிவியைப் போட்டால் அன்றைய பதிவு வெறிச்சென்று இருந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனார். 2:31க்கு வந்துவிட்டான்!

பின்னோக்கிப் பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வரவேயில்லை. வாரம் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு, ஒழுங்காக வேலைக்கு வருகிற திருடன்.

'நான் வீட்ல இருக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?'

லீவு விஷயம் தெரிந்தவர் தெருவில் ஒரே ஒருவர். பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டர். ரிட்டயராகி வீட்டோடு இருப்பவர். இவர்கள் வீட்டுக்கு வருகிற தபாலை வாங்கி வைப்பவர், மழை வந்தால் துணியை எடுத்து வைப்பவர். முக்கியமாக, வழுக்கை.

ஸ்டோர் கீப்பர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சார், கொஞ்சம் குனியறீங்களா?" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா. உச்சந்தலையைப் பார்க்கணும்."

"என்ன மரியாதை இது? தலையில என்ன எழுதியா ஒட்டியிருக்கு?"

"மதியம் ரெண்டரைக்கு எங்க இருப்பீங்க சார்?"

மாஸ்டருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. வாங்கி வைத்திருந்த தபாலையெல்லாம் கொண்டுவந்து வேலிக்கு மேலாக விட்டெறிந்தார். "இனிமே உங்க வீட்டுப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட மாட்டேன்!" என்றார். அவர் திரும்பிப் போகும்போது ஸ்டோர் கீப்பர் அவர் தலையைக் கவனித்துவிட்டார். முழு வழுக்கை. காதோரம்கூட முடி இல்லை. திருடனுக்குத் தட்டு அளவுதான். காசில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த காவலும் போயிற்று.

இரண்டு பேருக்கும் விடுமுறையாக இருந்த ஒரு சனிக்கிழமை காலையில் மெஷின் கடையிலிருந்து போன் வந்தது. மனைவி பீரோவைத் திறந்தாள். உறையை எடுத்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். கேமராக்காரரின் பில்கள் நாலு விழுந்தன.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து நாலு பில்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"இன்னும் எத்தனை வருஷம் நான் ஏழு மணிக்கு ஓடணும்?"

"திருடன் வர்றான்மா. நெசமாவே வர்றான். வா, படத்தைக் காட்டறேன்..."

"எனக்கு வேண்டாம். நீங்களும் உங்க டப்பாவும்."

"அவனைப் பிடிச்சு இந்தச் செலவு மொத்தத்தையும் அவன்கிட்டயே வசூல் பண்ணி உன் கையில தர்றேன். போதுமா?"

அவள் நிமிர்ந்தாள். "ஒரு காசு குறையக்கூடாது."

"குறையாது."

"இல்லைன்னு கெஞ்சினா ஓவர்டைம் பார்த்துக் கட்டச் சொல்லணும். ஞாயித்துக்கிழமைகூட விடக்கூடாது. பாவம் புண்ணியம் பார்க்கக்கூடாது."

"பார்க்கவே மாட்டேன். இது என் வாக்கு."

"நானும் வர்றேன்" என்று பில்களை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். திருடன் தலையைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலை மட்டும் இருக்கு. ஆள் எங்கே?"

"தலையை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா சார்?"

"யாராவது அடையாளம் சொல்லட்டும். ஆள் தெரிஞ்சா உடனே தூக்கிடலாம்."

வெளியே வந்த ஸ்டோர் கீப்பருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. முகத்தைத்தான் ஊரெல்லாம் பார்க்கும். உச்சந்தலையைத் தினமும் பார்க்கிறவர் யார்?

சலூன்காரர் கடையைத் திறந்து நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார். மனைவி வாசல் பெஞ்சில் பில்களோடு உட்கார்ந்தாள். "பேரை மட்டும் கேட்டுச் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"வாங்கண்ணே! வெட்டி பத்து நாள்தானே ஆகுது?" என்று சலூன்காரர் நாற்காலியைத் திருப்பினார்.

ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்து படத்தை நீட்டினார். "உங்களுக்குத் தெரியாத தலை இந்த ஊர்ல கிடையாது. இது யார்னு சொல்லுங்க."

சலூன்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "தட்டு வழுக்கை. இடது ஓரத்துல சின்னத் தழும்பு" என்று முணுமுணுத்தார். பிறகு அவர் பார்வை ஸ்டோர் கீப்பரின் உச்சந்தலைக்குப் போனது. மறுபடி படத்துக்கு வந்தது. கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"நிச்சயமா?"

"மாசா மாசம் நான்தானே வெட்டி விடறேன்."

"பேரைச் சொல்லுங்க!"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கேமராக்காரர்.

"சார், நீங்க செட்டிங் வேண்டாம்னுட்டீங்கல்ல... அந்தப் பெட்டியில கடிகாரம் ஆறு மணி நேரம் வேகமா ஓடுதாம். இப்பத்தான் கம்பெனியில சொன்னாங்க. ரெண்டரைன்னு காட்டினா, அது நெசத்துல காலையில எட்டரை. வந்து திருத்தட்டுமா? இருநூறு ஆகும்."

ஸ்டோர் கீப்பர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "எட்டரையா! நான் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பறதே எட்டரைக்குத்தானே! அப்ப நான் நிக்கும்போதே... என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு... அடப்பாவி!"

அந்தச் சத்தத்தில் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். "பேரைச் சொல்லிட்டாரா?"

சலூன்காரர் அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பில்களைப் பார்த்தார். மெதுவாக மேஜை இழுப்பறையைத் திறந்து, தூசி படிந்த ஒரு கைக்கண்ணாடியை எடுத்தார். துண்டால் துடைத்து, ஸ்டோர் கீப்பரின் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. மனசு கஷ்டப்படுவீங்களேன்னு நாலு வருஷமா இதை உங்களுக்குக் காட்டாம ஒளிச்சு வச்சிருந்தேன். நீங்க இவ்வளவு செலவு பண்ணி, நீங்களே படம் புடிச்சுக்கிட்டு வருவீங்கன்னு நான் கண்டேனா?"