இரண்டாவது விமானம்

முட்டாள் சும்மா இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. அவன் கணக்குப் போட உட்கார்ந்தால்தான் ஆபத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த நானே இதற்குச் சாட்சி. எண்ணெய் பூசி வாரிய தலை எனக்கு. (பளபளப்பெல்லாம் வெளியேதான்.)

பினாங்கிலிருந்து காலையில் கிளம்பும் விமானம் ஒன்று ஈப்போ வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்கப் போவதாகச் செய்தி வந்தது. பெரிய கங்காணி ராமசாமி என்னைத் தேடி வந்தார். தம் மகள் செல்லம்மாவை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர்.

"தம்பி, பினாங்கு எவ்வளவு தூரம்? ஈப்போவுக்கு எப்ப வந்து சேரும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையாகப் போகிறவன் சொல்வானா? ஆபீஸ் சுவரில் இருந்த ரயில் வரைபடத்தில் நூலை வைத்தேன். தண்டவாளம் வளைந்த இடமெல்லாம் நூலையும் வளைத்து அளந்தேன். ஆகாயத்தில் தண்டவாளம் கிடையாது என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை. ரயில் வேகத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். தைப்பிங்கில் தண்ணீர் பிடிக்க நிற்குமே என்று அதற்கும் நேரம் ஒதுக்கினேன்!

"உச்சிப்பொழுதுக்கு முன்னால வராதுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கங்காணி, மனைவி, மகள் மூவரையும் ரயிலேற்றி ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். திடலில் அதற்குள் நல்ல கூட்டம்.

"கணக்குத் தெரியாத ஜனங்க," என்றேன். "வாங்க, கோப்பி குடிக்கப் போலாம்."

செல்லம்மா அசையவில்லை. "நானும் அம்மாவும் இங்கயே நிக்கிறோம்ப்பா."

கங்காணி மட்டும் என்னை நம்பி வந்தார். கடையில் அவர் ரொட்டியைக் கோப்பியில் நனைத்த நேரம், கூரைக்கு மேலே ஏதோ உறுமியது. கடைக்காரர் உட்பட எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். எழுந்த கங்காணியின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"லாரியா இருக்கும்லா! நீங்க சாப்பிடுங்க."

அவர் கையை உதறிக்கொண்டு ஓடியபோது, சுண்ணாம்பு மலைக்கு அப்பால் ஒரு புள்ளி மறைந்துகொண்டிருந்தது.

அப்போதாவது வாயை மூடினேனா? "அது வேற விமானங்க. நம்மளுது இனிமேதான் வரும்!"

மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்தாலும் ஒரு விமானம் தென்படாத காலம் அது. படித்தவன் சொல்கிறானே என்று அந்த நல்ல மனிதர் நம்பினார். கூட்டம் கலைந்தது; விமானத்தைப் பார்த்துவிட்ட செல்லம்மாவும் அவள் அம்மாவும் நிழல் தேடிப் போய்விட்டார்கள். வெறும் திடலில், வெயிலில், நாங்கள் இருவர் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றோம். சாயங்கால மழைதான் எங்களை விரட்டியது. மறுநாள் காலை, வேலைக்குமுன் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில் கங்காணி சுளுக்கிய கழுத்தோடு ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க அவருக்குக் கழுத்து திரும்பவில்லை. மனமும்தான்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். செல்லம்மாதான் காப்பாற்றினாள். அவள் அப்பாவிடம் சொன்னது இது:

"இவ்வளவு மோசமா பொய் சொல்றவரு, என்கிட்ட எதையும் மறைக்க முடியாது. இவரையே கட்டிக்கிறேன்."

இன்று பேரப்பிள்ளைகள் வரை எங்கள் வீட்டில் நடக்காத காரியத்துக்கு "இரண்டாவது விமானம்" என்றுதான் பெயர். கூரை ஓட்டையை நாளைக்குக் கண்டிப்பாக அடைத்துவிடுகிறேன் என்று நேற்றும் சொன்னேன். செல்லம்மா நெற்றியில் கையை வைத்து, அந்த ஓட்டை வழியாகவே வானத்தைப் பார்த்தாள்.