மப்பு ஏறிய மத்தியானம்

என்ன ஆனாலும் இன்று எந்தச் சொல்லைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லாராய்ச்சி எடுத்த சபதம் அது ஒன்றுதான்.

அகராதி அச்சடிக்கிற இடத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவருக்கு ஊர் வைத்த பட்டம்தான் 'சொல்லாராய்ச்சி'. அந்தக் காலத்தில் கூட்டாளிகளோடு கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வருவார். நேராகத்தான் நடப்பார், வாயில் கிராம்பு மணக்கும். ஆனால் கதவு திறந்ததுமே, "மப்புங்கிற சொல்லு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?" என்று தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடுவார். மனைவியும் மோவாயில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். வாடகை வீடு, ஒற்றை நாற்காலி, அவள் சிரிப்பு. ஹும், அதெல்லாம் ஒரு காலம்.

டாக்டர் வந்து அதில் மண்ணைப் போட்டார். "இனிமே தொட்டீங்கன்னா உங்களோட பேசவே மாட்டேன்" என்றாள் மனைவி. பிள்ளைகள் ஆளுக்கொரு திசைக்குப் போய்விட்ட வீட்டில் அவரோடு பேச இருந்தது அவள் ஒருத்திதான். மனுஷன் பயந்துபோய் வருஷக்கணக்கில் தொடவில்லை. ஆனால் மிச்சமிருந்த ஒரு பாட்டில் மட்டும் தடித்தடி அகராதிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

இன்று அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். செருப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அரை டம்ளர் ஊற்றி மடக்கென்று குடித்தார். தொண்டை எரிந்தது. "பழசுன்னா பழசுதான்" என்று பாட்டிலைத் தட்டிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்தது. மின்விசிறி இரண்டாகத் தெரிந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவளேதான்.

"என்ன, அதுக்குள்ள திரும்பிட்ட?"

"வானம் ஒரே மப்பா இருக்குங்க. மழை வந்துரும்னு பாதியிலயே வந்துட்டேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏன் பேசாம நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஆமா, மேகத்துக்கு ஏங்க மப்புன்னு பேரு? குடிபோதையோட பேராச்சே அது."

அவ்வளவுதான், மடை உடைந்தது. "தப்பு, தப்பு. மேகத்துக்குத்தான் முதல்ல மப்பு. மேகம் மூடினா வெயில் மங்குதில்ல? அந்த மாதிரி குடிச்சவனுக்குப் புத்தி மங்குது. வானத்துல இருந்த சொல்ல மனுஷன் தலைக்கு இறக்கிட்டான். மகிழ்ச்சிங்கறோமே, பழந்தமிழ்ல மகிழ்னா கள்ளு. களிப்பும் அப்படித்தான்…"

சட்டென்று நிறுத்தினார். எதிரே அவள் மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா? திட்டு, வாங்கிக்கறேன். பேசாம மட்டும் இருந்துடாத."

"எதுக்குப் பேசாம இருக்கணும்? அக்கா வீட்டுக்குப் போறேன்னு நேத்து சொன்னதும் அகராதிக்கெல்லாம் தூசி தட்டினீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. காலையில பாட்டிலைக் கழுவி, இஞ்சி தட்டிப்போட்ட டீத்தண்ணிய ஊத்தி வெச்சதே நான்தான். இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு. ஏக்கமா இருந்துச்சுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். ஒற்றை நாற்காலிக் காலத்தில் உட்கார்ந்த அதே மாதிரி.

"அப்போ எனக்குத் தலை சுத்துச்சே, அது?"

"அது வயசு."