பின்பக்கம் அமுங்கிய கார்

வீடியோ பார்த்துச் சமைக்கிறவர்களை மன்னித்துவிடலாம். வீடியோ பார்த்து அப்பாவின் காருக்கு ஸ்பிரிங் மாற்றுகிறவர்களை மன்னிக்கவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

அப்பா சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரி. சேலைக் கட்டுகளை ஏற்றுவதற்காகக் காரின் பின்பக்கம் கெட்டியான ஸ்பிரிங் போட்டிருந்தார். கட்டு இல்லாமல் வெறும் வண்டியாகப் போனால் பின்சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கும். (அம்மா கொண்டை போட்டுக்கொண்டு அதில் ஏறவே மாட்டாள்.)

எனக்கு அப்போது டிராக் ரேஸ் பைத்தியம். இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும். நேர் ரோட்டில் எல்லைக்கோட்டை முதலில் தொடுவது ஜெயிக்கும். அவ்வளவுதான் ரேஸ். கோயம்புத்தூர் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் வீட்டுக் கார்களுக்கும் தனிப்பிரிவு உண்டு என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டேன். வீடியோவில் ஜெயித்த கார்களெல்லாம் கிளம்பும்போது பின்பக்கம் பொத்தென்று அமுங்கி மூக்கைத் தூக்கின. சூட்சுமம் பின் ஸ்பிரிங்கில்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன்! பேகம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு, இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பிரிங்காகப் போடச் சொன்னேன்.

"சேலைக்கட்டு ஏத்துற வண்டியாச்சேம்மா?" என்றார் மெக்கானிக் பாய்.

"இனிமே இது ரேஸ் வண்டி பாய்."

(அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.)

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. புளிச்சோறும் வெஞ்சனமும் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். "ஏந்தாயி, கோப்பை எம்புட்டுப் பெருசு இருக்கும்? கடையில எடம் ஒதுக்கணும்ல?" என்று வழியெல்லாம் கேட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. மிதித்தேன். வீடியோவில் போலவே பின்பக்கம் அமுங்கியது. மூக்கும் தூக்கியது. கார் மட்டும் போகவில்லை. வீடியோ கார்களைத் தள்ளுவது பின்சக்கரம். எங்கள் காரை இழுப்பது முன்சக்கரம். பாரமெல்லாம் பின்னால் போய்விட, முன்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கின. எதிராளி எல்லையைத் தொட்டு, இறங்கி, சோம்பல் முறித்தபோது நான் பாதி தூரத்தில் இருந்தேன்.

"அந்த வண்டிக்கு என்னாச்சுன்னு யாராவது போய்ப் பாருங்கப்பா" என்றது ஒலிபெருக்கி.

அப்பா ஒருவர்தான் எழுந்து நின்று கைதட்டினார். "விடு தாயி. புகை நம்ம வண்டியிலதான் ஜாஸ்தி."

பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிட நினைத்திருந்தபோது அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. வெறும் வலி என்றுதான் நினைத்தோம். முதுகெலும்பில் கட்டி. கரண்ட் வைக்க (கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. முதல் நாள் சித்தப்பா தன்னுடைய பெரிய காரைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பா பல்லைக் கடித்தார். அடுத்த முறை அவரே சொல்லிவிட்டார்: "நம்ம வண்டிய எடு தாயி. அது தூளி கணக்கா போகும்."

அப்புறம் நான்தான் ஓட்டினேன். மெத்தென்ற ஸ்பிரிங், அதைவிட மெத்தென்ற வேகம். லாரி முந்தும், டவுன்பஸ் முந்தும், ஒருமுறை வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட முந்தியது. பின்சீட்டில் படுத்திருப்பவர் ஒரு கண்ணைத் திறந்து, "இன்னைக்கும் தோத்துட்டியா தாயி?" என்பார். சிரித்தால் அவருக்கு வலிக்கும். இருந்தும் சிரிப்பார்.

கடைசித் தடவை வாடிப்பட்டி அருகே ஒரு மினி லாரி முந்திப் போனது. கேட்பார் என்று காத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. மேலே ஓடும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

ஸ்பிரிங்கை நான் மாற்றவில்லை. பின்பக்கம் தொங்கிப்போன அந்தக் காரைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. வீட்டில் யார் பஸ்ஸைத் தவறவிட்டாலும், பரீட்சையில் கோட்டைவிட்டாலும் அப்பாவின் அந்தக் கேள்விதான் வரும். தம்பி கேட்பான், சித்தப்பா கேட்பார். அம்மா மட்டும் கேட்டதில்லை. யாராவது கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன வாரம் அவளைத் தாடிக்கொம்பு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது ஒரு மொபெட் எங்களை முந்திப் போனது. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னைக்கும் தோத்துட்டியா தாயி?" என்றாள்.

அதுவரை அம்மா என்னைத் தாயி என்று கூப்பிட்டதே இல்லை.