யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அவருக்கே

ஒழுங்காக வேலை செய்கிறவன் உண்டாக்குகிற குழப்பத்தைச் சோம்பேறியால் ஒருநாளும் உண்டாக்க முடியாது. இது நானே நிரூபித்த உண்மை.

ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டைரி எழுதாத நாள் கிடையாது. அன்றைக்குக் காவிரியில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். (யாருக்குப் பயன் என்று கேட்காதீர்கள். என் மனைவி சாந்தி கேட்டு ஓய்ந்துவிட்டாள்.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எல்லோரும் ஒரே வருடத்தில் குடிவந்தோம். வாரம் ஒரு கிரகப்பிரவேசம். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் எவர்சில்வர் கொடுத்தோம். மலைக்கோட்டை அடிவாரத்துப் பாத்திரக் கடையில் வாங்கி, கொடுக்கிறவர் பெயரை அங்கேயே வெட்டிக் கொடுப்பது வழக்கம். நான் ஒருபடி மேலே போய்த் தேதியையும் வெட்டச் சொல்வேன்.

ஒரு பொங்கல் விருந்துக்குப் பிறகு கீழே குவிந்த பேப்பர் கப்பையும் தட்டையும் பார்த்து, குப்பை வண்டிக்காரரே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். அடுத்த பொங்கலுக்கு எங்கள் சங்கச் செயலாளர் அறிவித்தார்: “பரண்ல தூங்குற பாத்திரத்தையெல்லாம் ஹாலுக்குக் கொண்டாங்க. இனிமே எல்லா விசேஷத்துக்கும் அதையே கழுவிக் கழுவிப் பயன்படுத்துவோம். தூக்கிப் போடுற சாமானே வேண்டாம்.” பாத்திர வங்கி என்று பெயர் வைத்தார்கள். பொறுப்பாளர் நான்.

தட்டு, டம்ளர், வாளி, சம்புடம் என்று ஹால் நிறைந்தது. வந்த நேரம், உயரம், நசுங்கல், வெட்டியிருந்த பெயர், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. பெயர்தான் பாத்திரத்திலேயே இருக்கிறதே!

விருந்து அருமையாக முடிந்தது. ஒரு பேப்பர் கப் விழவில்லை. பாத்திரம் வைக்க அலமாரி வரும்வரை அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் செயலாளர். மறுநாள் காலை, கூடையும் நோட்டுமாக லிஃப்டில் ஏறினேன்.

முதல் வீட்டிலேயே ஒரு குழப்பம். “சார், இது எப்படிங்க இங்க வந்துச்சு?” என்றார் அந்த வீட்டுக்காரர்.

“உங்களுதுதானே? பேரு இருக்கே.”

“பேரு என்னுதுதான்… ஆனா இதை நான்…” என்று எதிர் வீட்டுக் கதவையே பார்த்தார். கையெழுத்துப் போடும்போதும் பார்வை அங்கேதான். ஞாபகமறதி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த ஏழெட்டு வீடுகளிலும் இதே ஞாபகமறதி. தண்ணீரில் ஏதோ கோளாறு என்று டைரியில் குறிக்க எண்ணினேன்.

சி பிளாக்கில் பத்மா அம்மாள் வீடு. அவர்கள் மகனுக்கும் எங்கள் மகள் நித்யாவுக்கும் பேசி முடித்து, பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. அவர்கள் பெயர் வெட்டிய தூக்குவாளியைத் துடைத்து நீட்டினேன்.

பத்மா அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைத் திருப்பிக் குடுக்கவா வந்தீங்க?”

“ஆமாங்க. உங்க பொருள் எங்ககிட்ட எதுக்குங்க?” என்றேன், நேர்மையின் சிகரத்தில் நின்றுகொண்டு. “இனிமே உங்களுது எங்ககிட்ட ஒண்ணுமே இல்லைங்க. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

அவர் கோட்டுக்கு வெளியே கையெழுத்துப் போட்டார். வயதாகிறது என்று நினைத்தேன்.

கடைசியாகக் கூடையில் ஒரு சம்புடம். என் பெயர், ஏதோ ஒரு தேதி. வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

“இது நம்முது இல்லையேங்க,” என்றாள் சாந்தி.

“என் பேரு இருக்கு பாரு.”

“அந்தத் தேதியில நம்ம வீட்டுல என்ன விசேஷம்?”

எனக்கும் புரியவில்லை. டைரியில் பார்க்க வேண்டும் என்று டைரியில் எழுதிவைத்தேன்.

அரை மணி நேரத்தில் நித்யா கண் சிவக்க வந்து நின்றாள். “அப்பா, கல்யாணம் வேண்டாம்னு அவங்க வீட்டுல போய்ச் சொன்னீங்களா?”

“நானா?”

“சீர் மாதிரி வந்ததைத் திருப்பிக் குடுத்து, கையெழுத்து வேற வாங்கினீங்களாமே! அவங்க அம்மா அழுதுட்டு இருக்காங்க.”

சாந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, அந்தத் தூக்குவாளி அவங்க நம்ம கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்ததுங்க! ரெண்டு இருக்கேன்னு நான்தான் வங்கியில போட்டேன்.” (அந்த ஏழெட்டுப் பேருடைய ஞாபகமறதியும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. யார் கொடுத்ததை யார் தள்ளிவிட்டார்கள் என்று குடியிருப்பு முழுக்க வீடு வீடாகப் போய் அறிவித்திருக்கிறேன்.)

வெறுங்கையோடு போகக் கூடாதென்று, கைக்கு எட்டிய அந்தச் சம்புடத்தில் மணப்பாறை முறுக்கை நிரப்பிக்கொண்டு சாந்தி ஓடினாள். பின்னால் நித்யா. அதற்கும் பின்னால் நான்.

“தப்பு எங்களுதுதாங்க. நீங்க ஆசையாக் குடுத்ததைப் பொதுவுல போட்டது தப்பு,” என்று சாந்தி சம்புடத்தை நீட்டினாள்.

பத்மா அம்மாள் அதை வாங்கியவர் அப்படியே உறைந்துவிட்டார். கணவர் சுந்தரம் எட்டிப் பார்த்து, வெட்டியிருந்த என் பெயரையும் தேதியையும் சத்தமாகப் படித்தார். “இது நம்ம கிரகப்பிரவேச நாளாச்சே?”

பத்மா அம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னார்: “மூடி கொஞ்சம் டைட்டா இருந்துச்சுங்க… அதான் வங்கியில…”

முதலில் சிரித்தது சுந்தரம்தான். பிறகு நித்யா. நான் இன்னும் தேதியைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தையிலேயே பூ வைத்தார்கள். வங்கியும் நடக்கிறது. இப்போது பாத்திரத்தின் அடியில் நெயில் பாலிஷால் வீட்டு எண் எழுதுகிறோம். அந்த வேலை என்னிடம் இல்லை. சம்புடம் பலகாரத்தோடு இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்தபடி இருக்கிறது. அந்த மூடியை இதுவரை யாரும் சுலபமாகத் திறந்ததில்லை.

பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார் மாப்பிள்ளை. கூடவே சட்டைப்பையிலிருந்து ஒரு பேனா.

“கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க மாமா. இன்னும் பேரு வெட்டலை. யார் வீட்டுதுன்னு குழம்பிடப் போறீங்க.”