பொரியுருண்டை மாமாவுக்கு, சந்தை விளக்கு சம்பந்தமாக

பூலாம்பாடி
ஐப்பசி ஏழாம் தேதி

என் பொரியுருண்டைக்கு,

உங்கள் மனைவி சிந்தாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம் என்று எழுதிவிட்டு, பழக்கத்தில் அடுத்த வரிக்குக் கை போனது. உங்களிடம் அதைக் கேட்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை விட்டுவிட்டேன். நீங்கள் மலேசியாவில் இருந்த இரண்டு வருசமும் மாசம் ஒரு கடிதம் போட்டேன். இருபத்துநாலு கடிதத்துக்கு ஒரே ஒரு பதில் வந்தது. அதிலும் மாட்டுக்குக் கால் புண் ஆறிவிட்டதா என்று மட்டும்தான் கேட்டிருந்தீர்கள். அதனால் பதில் போடாத ஆளுக்கு எழுதுவது எனக்குப் புதுசு இல்லை. இந்த நீங்கள், உங்கள் எல்லாம் தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். நாலாங்கிளாஸ் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சித்திரையில் நீ போய்ச் சேர்ந்த பிறகு அஞ்சு மாசம் நான் கடை போடவில்லை. ஆர்த்தி திருச்சியிலிருந்து தினம் போன் பண்ணி, சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டுவிட்டு, “கடையெல்லாம் போதும்மா, எங்கூட வந்துரு” என்று முடிப்பாள். நம் மகள் நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டு மூணாவது மாடியில் உட்கார்ந்து நான் யாருக்குப் பொரி அளப்பேன்? பத்தொன்பது வருசம் நீயும் நானும் உட்கார்ந்த அந்த வேப்பமரத்தடி இருக்கிறவரைக்கும்தான் நான் இந்த ஊர்க்காரி. அது கை விட்டுப் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முந்தின சந்தைக்கு, பொரி மூட்டை, பொட்டுக்கடலை, அவல், படி எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். பார்த்தால் நம் இடத்தில் பிரசாத் என்று ஒருத்தன் நிற்கிறான். செல்போன் கவர் விற்கிறவன், அன்றைக்குத்தான் புதுசாக விரித்திருக்கிறான். சந்தைத் திடலில்தான் கரண்டுக் கம்பியே கிடையாதே, அவனவன் கொண்டுவருவதுதானே வெளிச்சம். இவன் பேட்டரி வைத்து, வட்டம் வட்டமாக லைட்டு மாட்டி, கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருக்கிறான்.

“அத்தே, நீங்க இனிமே வரமாட்டீங்கன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்.”

“அந்த எல்லாரையும் வந்து பொரி விக்கச் சொல்லு. நீ நவுரு.”

நகர்ந்தான். ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை, எதிர்ச் சாரியிலேயே விரித்தான். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற சிங்காரவேலு அண்ணன் வந்தார், உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். “செல்லமுத்து அண்ணனுக்காவ அஞ்சு மாசம் எடத்த சும்மா போட்டு வச்சேன் சிந்தாமணி. ஆனா ஒண்ணு. இந்த மரத்தடி வளைவு பொம்பளப் புள்ளைங்க நடக்குற வழி. ஆறரைக்கு மேல இங்க வெளக்கு எரியணும். மூணு சந்தை பாப்பேன். மூணாவதுலயும் இருட்டாக் கெடந்தா எடம் பிரசாத்துக்கு. வருத்தப்படக் கூடாது” என்றார். எரியும்ண்ணே என்று சொல்லிவிட்டேன். எப்படி எரியும் என்று எனக்கே தெரியாது.

ஏன் தெரியாது என்றால், நீ சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பழைய பேட்டரியை வைத்து, வாயை எம்சீல் போட்டு அடைத்து, மூங்கில் குச்சி நுனியில் பல்பும் அதன் தலைக்கு மேல் எவர்சில்வர் தட்டும் கட்டி ஒரு விளக்கு பண்ணினாயே, அதைச் சந்தைக்கு முதல் நாள் சார்ஜில் போடுவது மட்டும்தான் என் வேலை. ஆறரை ஆனால் எரியும். நான் படியையும் ஆளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் வந்ததா, வந்தது, அவ்வளவுதான். இப்போது அந்த டின்னைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு சுவிட்சு தென்படவில்லை. கடை போடக் கிளம்புவதற்கு முன்பே பெரம்பலூர் எலக்ட்ரிக் கடைக்காரரிடம் காட்டினேன், வெட்டித்தான் பார்க்கணும் என்று கத்தியை எடுத்தார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக அன்றைய முதல் சந்தைக்குப் பக்கத்துக் கருவாட்டுக் கடைக் கண்ணகியிடம் அரிக்கேன் விளக்கு இரவல் வாங்கினேன். புரட்டாசியில் கருவாடு வாங்க ஆள் ஏது, சும்மாதான் உட்கார்ந்திருந்தாள், அவளே ஏற்றியும் கொடுத்தாள். பொரிக்கு அருகில் வைத்துவிட்டோம். பொரியின் குணம் உனக்குத் தெரியாதா, பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும், மண்ணெண்ணெய் நாற்றத்தை அப்படியே குடித்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் படைக்க வாங்க வந்த ஒருத்தர் வாயில் நாலு போட்டுவிட்டு, “ஏம்மா, இது பொரியா, பஸ்ஸா?” என்று கேட்டார். கண்ணகி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, “அக்கா, இத்தன வருசத்துல எங்கருவாட்டையே அமுக்குன வாசன ஒன்னுதுதான்” என்றாள். கருவாட்டுக்காரியே மூக்கைப் பிடித்தால் நான் என்ன செய்வது? விளக்கை ஊதி அணைத்தேன். இருட்டு. சிங்காரவேலு அண்ணன் தூர நின்று ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

ரெண்டாவது சந்தைக்கு ஒரு சார்ஜ் லைட்டு வாங்கினேன். எட்டு மணி நேரம் எரியும் என்று விற்றவன் சத்தியம் பண்ணினான். எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பொரியெல்லாம் நீலம் போட்ட வேட்டி மாதிரி தெரிந்தது. ஒரு அம்மா நசுக்கிப் பார்த்து, “பிளாஸ்டிக்கா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். இல்லை தாயி, அரிசிதான் என்று நான் கூப்பிட்டுச் சொல்வதற்குள் லைட்டு படுத்துவிட்டது. விடுவேனா? செல்போனில் டார்ச்சைப் போட்டுச் சணல் கயிற்றில் கட்டி, குடைக் கம்பியில் தொங்கவிட்டேன். வெளிச்சம் அருமை. கூட்டம் சேருகிற நேரம் பார்த்து ஆர்த்தி வீடியோ போன் பண்ணினாள். போன் நடுங்கி நடுங்கிக் கயிற்றை உருவிக்கொண்டு நேராகத் திறந்திருந்த மூட்டைக்குள் விழுந்தது. நான் கையை விட்டுத் துழாவியதில் எதையோ அமுக்கிவிட்டேன் போல. மூட்டைக்குள்ளிருந்து, “அம்மா... எங்கம்மா இருக்க... ஒண்ணுந் தெரியலியே” என்று குரல் வந்தது. ஒரு படி பொரி வாங்கி நின்ற மனுசன் பையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் தலையை மூட்டைக்குள் விட்டு, “சந்தையில இருக்கன்டி!” என்று கத்தினேன்.

“அழுவுறியாம்மா?”

“இல்லடி, பொரி மூக்குல போயிருச்சு.”

“அந்த எடத்த விட்டுத் தொலச்சுட்டு வாம்மா!”

எதிர்ச் சாரியிலிருந்து பிரசாத், “அத்தே, மூட்டையே சொல்லுது, கேட்டுக்குங்க” என்றான். சந்தையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் மாமா, நீ போன பிறகு அதுதான் முதல் தடவை. சிரித்து முடிப்பதற்குள் போனும் அணைந்தது. சிங்காரவேலு அண்ணன் ரெண்டு விரல் காட்டினார்.

மூணாவது சந்தை மூணு நாளைக்கு முந்தி. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்திருந்தது. மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. நான் முடிவோடு போனேன். உன் விளக்கைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோய் மரத்தடியில் நட்டேன். எரிந்தால் இது எரியட்டும், இல்லாவிட்டால் இருட்டிலேயே உட்கார்ந்து விற்கிறேன், தூக்கிக்கொண்டு போகிறவன் என்னையும் சேர்த்துத் தூக்கட்டும் என்று இருந்தேன். ஆறரை ஆனது. குச்சியைத் திருகினேன். தட்டை அசைத்தேன். வயரைத் தடவினேன். மாமா, மாமா என்று கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிரசாத் அவன் சாமானை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டான், இடம் மாறி வருவதற்கு. எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். யார் மேல் என்று கேட்காதே, உன் மேல்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே என்று அந்த டின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

பளிச்சென்று எரிந்தது.

மஞ்சள் வெளிச்சம். பொரி பொரியாகத் தெரிந்தது. கண்ணகி கை தட்டினாள். அதை ரசிக்க எனக்கு ரெண்டு நிமிசம்கூடக் கிடைக்கவில்லை, மரத்தடியிலிருந்து புகை கிளம்பின மாதிரி ஈசல் கிளம்பியது. “ஈசல், ஈசல், வெளக்க அணைங்க!” என்று சிங்காரவேலு அண்ணன் சத்தம் போட, ஒவ்வொரு கடையாக அணைந்தது. பிரசாத்தின் வட்டமெல்லாம் அணைந்தது. சந்தை முழுக்க இருட்டு, என் விளக்கு ஒன்றுதான். அத்தனை ஈசலும் எங்கே வரும்?

“அக்கா, அணை! தலையெல்லாம் வுழுவுது!”

“அணைக்க மாட்டேன். இது மூணாவது சந்தை.”

நெஞ்சை நிமிர்த்தி நின்றேன் மாமா. வாயை மட்டும் மூடிக்கொண்டேன், திறந்தால் உள்ளே போய்விடும். கண்ணகியின் அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து விளக்குக்குக் கீழே வைத்தேன், பொரியைக் காப்பாற்றத்தான். அது அஞ்சு நிமிசத்தில் ரொம்பியது. வேப்பந்தட்டை பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று எட்டிப் பார்த்தாள். “தாயி, இத அள்ளிக்கட்டுமா? வறுத்து எத்தன நாளாச்சு.” அள்ளிக்க என்றேன். அள்ளினாள். திரும்பினவள், “வறுத்த ஈசலுக்குப் பொரி வேணுமே, ஒரு படி போடு” என்றாள். அவ்வளவுதான். புரட்டாசி முழுக்க நாக்கை அடக்கிக் கிடந்த சனம். தூக்குவாளி, டிபன் பாக்ஸ், ஒருத்தர் ஹெல்மெட்டு, கையில் இருந்ததை எல்லாம் நீட்டினார்கள். ஈசல் என்னிடம் சும்மா, பொரி காசுக்கு. கடைசியில் பிரசாத் ஒரு செல்போன் கவர் டப்பாவோடு வந்து நின்றான். “அத்தே, எங்கம்மாவுக்கு ஈசல்னா உசுரு...”

“அள்ளிக்க. பொரி ரெண்டு படி வாங்கிட்டுப் போ.”

வாங்கினான். ஏழரைக்கு மூட்டை காலி. சிங்காரவேலு அண்ணன் தலையில் ரெக்கைகளோடு வந்து, “அத்தன பேரும் அணச்சாங்க, நீ ஒருத்தி அணைக்கலியே. என்னா தெம்பு ஒனக்கு! எடம் ஒன்னுதுதான் சிந்தாமணி” என்றார். எங்க வூட்டு மனுசன் செஞ்ச வெளக்குண்ணே, அப்படித்தான் எரியும் என்றேன். வரும் பங்குனியில் கல்லங்குறிச்சித் தேருக்கும் தனியாகவே கடை போடப்போகிறேன். உன் உதவி இனித் தேவைப்படாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அங்கே இருக்கிற என் மாமனாருக்கு என் வணக்கம். உன் அம்மாவுக்கும் சொல், கொஞ்சம் குறைத்துச் சொன்னால் போதும். என் அப்பாவைப் பார்த்தால் பீடியை விடச் சொல். ஆர்த்தியையும் பேத்தியையும் மேலிருந்து ஆசீர்வாதம் பண்ணு. இந்தக் கடிதத்தை உன் வண்டி சீட்டுக்கு அடியில் வைக்கிறேன், வேறு விலாசம் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தைரியத்துடன்,
செ. சிந்தாமணி

பின்குறிப்பு: மேலே தெம்பு, தைரியம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அணைக்க மாட்டேன் என்று நான் நிற்கவே இல்லை. அணைக்கத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் மடியில் எரிய எரியத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூணு நாளாக உன் போட்டோ பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. இன்னும் பத்து அறை விட்டுப் பார்த்துவிட்டேன், அசையவில்லை, உன்னை மாதிரியே. வயரை வெட்டிவிடு என்கிறாள் கண்ணகி. வெட்டுவேனா? சார்ஜ் தீர்ந்தால் தானாகவே அணையும் என்கிறாள். அதனால்தான் தீராமல் இருக்க சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். கடை கட்டும்போது நான் மூட்டைக்குச் சுருக்குப் போட்டு நிமிர்வேன், அதற்குள் நீ விளக்கை அணைத்திருப்பாய். பத்தொன்பது வருசத்தில் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் உன் கை எங்கே போகும், மாமா?