ஒரு கை அரிசி வாங்கிய முகம்

பரு வந்தவர்களில் இரண்டு வகை உண்டு. கிள்ளாமல் விட்டவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் நான் இருக்கிறேன். விடலை வயதில் ஒன்று விடாமல் கிள்ளியதன் பலனாக, எழுபதுகளின் நடுவில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது என் கன்னங்கள் மாடு நடந்த உப்பள வரப்பு மாதிரி இருந்தன.

தூத்துக்குடி துறைமுகத்தில் தோணிகளில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை எனக்கு. அங்கே யாரும் முகத்தைப் பார்த்து மூட்டை ஏற்றுவதில்லை. அதனால் அக்கா என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போகும் வரை எனக்குக் கவலையே இல்லை. ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் வைத்து டச்-அப் செய்வதில் மன்னர். அவர் கொடுத்த படத்தில் என் முகம் புளி போட்டு விளக்கிய செம்பாகப் பளபளத்தது. காதுகளை மட்டும் அவர் தொடவில்லை. அவை வழக்கம்போல் விடைத்துக்கொண்டு நின்றன.

அந்தப் படத்தைத்தான் அக்கா குலசேகரன்பட்டினத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினாள். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கும் பெண்ணின் படம் பிடித்திருந்தது. பிடித்தது என்றால், மூட்டைக் கணக்கு தப்புகிற அளவுக்கு. ஆனால் அவளுக்குப் பிடித்தவன் ஸ்டுடியோக்காரர் வரைந்தவன் அல்லவா? நேரில் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளே என்ற பயத்தில் தூக்கம் போயிற்று. முகத்தைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றிவிடுவது என்று முடிவு செய்து மதுரைக்கு பஸ் ஏறினேன்.

தோல் டாக்டர் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு தினுசு இருக்கு தம்பி. ஊசி குத்தின மாதிரி ஆழமா இருக்கறதை வட்டக் கத்தியால எடுத்துத் தையல் போடணும். அகலமான குழிக்குச் சுத்துற பிரஷ் மெஷின். தேய்ச்சு விளிம்பைச் சமப்படுத்தலாம். மேலோட்டமா இருக்கறதுக்கு ஆசிட் தடவித் தோலை உரிச்சா போதும். ஒண்ணுக்குச் செய்யறது இன்னொண்ணுக்கு ஆகாது."

சுற்றுகிற பிரஷ் என்றதும் கப்பலில் துரு தேய்க்கிற சாமான்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆசிட்டே போதும் என்றேன், வீரமாக.

"ஆழமான குழியெல்லாம் அப்படியேதான் இருக்கும். சிவப்பு வடிய மாசக்கணக்காகும். வெயில் படவே கூடாது. வீட்ல விசேஷம் ஏதும் இல்லையே?"

"இல்ல சார்."

விசேஷம் அடுத்த வாரம் இருந்தது. (மாசக்கணக்கெல்லாம் மதுரைத் தோலுக்கு, நம் தோல் உப்புக்காற்றில் பதப்பட்டது என்று நினைப்பு.) ஆசிட் தடவிக்கொண்டு திரும்பி வந்த கையோடு தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் மூட்டை எண்ணவும் போனேன்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போவதில்லை. ஆனால் தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலுக்குப் போனவர்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் யார் தடுப்பார்கள்? அக்காவின் ஏற்பாடு அது. அன்று காலையில் என் நெற்றியில் தோல் கருகிப் பொருக்காக நின்றது. கன்னங்கள் பழுத்த மிளகாய். மூக்கில் டாக்டர் கொடுத்த வெள்ளை மருந்து.

"ஏலே, மூஞ்சிய என்னலே பண்ணித் தொலச்ச?" என்று அக்கா தலையில் கைவைத்தாள். பிறகு, "போகாட்டா ஒனக்கு இஷ்டமில்லன்னு நெனப்பாவ. வா, நான் சமாளிக்கேன்" என்றாள்.

ஊர் நிறைய வேஷக்காரர்கள். நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், குரங்கு என்று வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்கிற வழக்கம். அந்தக் கூட்டத்தில் என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தெருமுனையில் அக்காவின் செருப்பு வார் அறுந்தது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, கோயில் அர்ச்சனைத் தட்டுடன் நான் மட்டும் பெண் வீட்டுப் படியேறினேன்.

பெண்ணின் அம்மா வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குரங்கு வேசமா சாமி? வால எங்கன?" என்றார், பக்தியாக.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு கை அரிசி கொண்டுவந்து தட்டில் போட்டார். போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினார். நான் என்னதான் செய்வேன்? தட்டிலிருந்த திருநீற்றை எடுத்து வருங்கால மாமியாருக்குப் பூசிவிட்டு, "நல்லா இருங்க" என்று ஆசீர்வாதமும் செய்தேன்.

அப்போதுதான் அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "மாப்பிள்ளைய வாசல்லயே நிறுத்திட்டியளே மதினி."

அந்த அம்மா தட்டிலிருந்த அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனதில் பாதி அரிசி படியில் கொட்டியது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, காதப் பாருங்க. அவுகதான்."

அக்கா சமாளிக்கிறேன் என்று ஆரம்பித்து, தேள் கடி, தேங்காய் எண்ணெய் என்று எங்கெங்கோ போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"போட்டோவுல இருக்கது டச்-அப். நெசத்துல மொகம் பூராவும் குழி. படம் மாதிரி ஆகணும்னுதான் மதுரையில போயி ஆசிட் வச்சேன். ஆழமா உள்ளது போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். இனி அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பம் போட்டோவுலதான் வேசம் கட்டியிருந்திய. இப்பம் கலைச்சாச்சு. எனக்கு இந்த மொகம் போதும்மா" என்று தன் அம்மாவிடம் சொன்னாள்.

எங்கள் துறைமுகத்துக்கு எத்தனையோ பெரிய கப்பல்கள் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மேலோட்டமான குழிகள் போய்விட்டன. ஆழமானவை டாக்டர் வாக்குப்படி தங்கிவிட்டன. கல்யாணப் படத்தை டச்-அப் செய்யப் பென்சிலை எடுத்த ஸ்டுடியோக்காரரிடம், "ஒண்ணக்கூட அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில், வாசலிலிருந்தே தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டியவன் நான்தான்.

இன்றும் கண்ணாடி முன்னால் நான் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் அடுக்களையிலிருந்து சத்தம் வரும்: "ஒரு கை அரிசி போடவா, சாமி?"

நானும் விடுவதில்லை. திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போவேன். அவளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியை நீட்டுவாள்.